சேஷாசலத்து மரமும் ஜப்பானிய விரலும்

சத்தியவேட்டுக்கு மேற்கே நாகலாபுரம் மலைகள். அவற்றுக்கும் அப்பால், திருப்பதியின் முதுகாக நிற்கும் சேஷாசலம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் செம்மரம் தானாக முளைப்பதில்லை. கல்லும் சரளையுமான சரிவு, குறைந்த மழை, சுட்டெரிக்கும் வெயில். இதில்தான் அது மெல்ல மெல்ல வைரம் பாய்கிறது. அந்த வைரத்தைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி.

இந்த வட்டாரத்தில் செம்மரம் என்றதும் நினைவுக்கு வருபவை சோதனைச் சாவடி, பிடிபட்ட லாரி, கைது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஆந்திர-தமிழக எல்லைக்கு இருபுறமும் யாரும் மறக்கவில்லை. மரம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று நிறையப் பேசியாகிவிட்டது. அது போய்ச் சேருமிடத்தில் என்னவாகிறது என்ற பேச்சு குறைவு. பெரும்பங்கு சீனாவில் நாற்காலியும் மேசையும் அலமாரியுமாகிறது. மிகச் சிறிய ஒரு பங்குக்கு மட்டும் வேறு விதி. அது ஜப்பானில் ஷாமிசென் என்ற வாத்தியத்தின் தண்டியாகிறது.

ஷாமிசெனுக்கு மூன்றே தந்திகள். தோல் போர்த்திய சதுரக் குடம், அதிலிருந்து நீளும் ஒல்லியான தண்டி, கையில் பெரிய விசிறி வடிவ மீட்டுப் பலகை. பதினாறாம் நூற்றாண்டில் ரியூக்யூ தீவுகள் வழியாக ஜப்பானுக்குள் வந்து, கபுகி நாடகத்துக்கும் பொம்மலாட்டத்துக்கும் உயிர்நாடியாகிப் போன வாத்தியம். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இதில் கிடையாது. வழவழப்பான வெறும் தண்டி. சுரம் எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத்தான் தெரியும்.

அந்தத் தண்டிக்கான மரத்தில் படிநிலைகள் உண்டு. கற்றுக்கொள்பவருக்குக் காரின், அடுத்த நிலைக்கு ஷிதான், மேடைக் கலைஞருக்குக் கோக்கி. கோக்கி என்று அவர்கள் சொல்வது நம்முடைய செம்மரத்தை. அதிலும் இழை நேராக ஓடாமல் அலையலையாக நெளிந்து, வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத்துணி போல மினுங்கும் கட்டைக்குத்தான் உச்ச விலை. எல்லாச் செம்மரத்திலும் அந்த அலை விழுவதில்லை.

எதற்கு இந்த மரம்? நாதம் நன்றாக இருக்கும் என்பது வழக்கமான பதில். பழைய ஷாமிசென் ஒன்றின் தண்டியைக் கிட்டத்தில் பார்த்தால் வேறொரு பதிலும் தெரியும். கலைஞர் இடக்கை விரலின் நுனியாலும் நகத்தாலும் பட்டுத் தந்தியைத் தண்டியின்மேல் அழுத்துகிறார். ஆண்டுக்கணக்கில் ஒரே இடங்களில் அழுத்த அழுத்த, மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுகின்றன. இதற்கு ஜப்பானியர் ‘கன்பெரி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எந்தச் சுரத்தை அந்தக் கலைஞர் அதிகம் வாசித்தார் என்பதைத் தண்டியைத் தடவியே சொல்லிவிடலாம். பள்ளம் ஆழமானால் தந்தி அதில் மோதி இரையும், சுரம் பிசகும். அப்போது வாத்தியத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, தண்டியை இழைத்துச் சமனாக்க வேண்டும். ஒவ்வொரு இழைப்பிலும் தண்டி கொஞ்சம் மெலியும். மென்மையான மரம் என்றால் சில இழைப்புகளிலேயே ஆயுள் முடிந்துவிடும். செம்மரம் தாங்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஷாமிசெனின் மூன்று தந்திகளில் தடித்தது, தலைப்பகுதியில் மேற்பாலத்தின் மீது ஏறாமல் தண்டியின் விளிம்பையே லேசாக உரசிக்கொண்டு போகும்படி அமைத்திருக்கிறார்கள். மீட்டினால் சுத்தமான ஒலியோடு ஒரு ரீங்காரமும் சேர்ந்து வரும். அதற்கு ‘சவாரி’ என்று பெயர். தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ஜீவா பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கல்கத்தாவில் இருந்த சி. வி. ராமன் 1921-ல் வீணை, தம்புரா பற்றி எழுதிய சிறு ஆய்வுக் குறிப்பில் இதைத்தான் பிடித்தார். தந்தியை மீட்டும் இடம் ஒரு மேற்சுரத்தின் அசையாப் புள்ளியாக இருந்தால் அந்த மேற்சுரம் ஒலிக்கவே கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் விதி. நம் வாத்தியங்களில் அது ஒலித்தது. வளைந்த பாலத்தைத் தந்தி உரசி உரசி விலகுவதால் மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஐரோப்பிய வாத்தியக்காரர் குறையென்று ஒதுக்கும் இரைச்சலை, தஞ்சாவூரும் கியோட்டோவும் நாதத்தின் உயிர் என்று கொண்டாடுகின்றன. உரசும் இடத்தில் ஒரு தலைமுடி அளவு தேய்ந்தால்கூட ரீங்காரம் கெட்டுவிடும். அங்கே கெட்டியான மரம் கேட்பது வீண்பிடிவாதம் அல்ல.

ஆக, கலைஞருக்குச் செம்மரம் வேண்டும் என்பதற்கு இயற்பியல் நியாயம் உண்டு. கனமான, விறைப்பான தண்டி தந்தியின் அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளாது. ஒலி சற்று நீளும். ஆனால் அந்த வித்தியாசம் எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகரின் காதுவரை போகிறதா?

ஷாமிசெனை விட்டுவிட்டு, உலகிலேயே அதிகம் பூஜிக்கப்படும் வாத்தியத்துக்குப் போகலாம். இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் பல கோடி ரூபாய்க்கு விற்கின்றன. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல் அறையை வாடகைக்கு எடுத்து, கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஒலியியல் ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் ஆசாரியும் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று புது வயலின், மூன்று பழையது. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. விளக்கை மங்கலாக்கி, வாசிப்பவர் கண்ணில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று முகவாய்க் கட்டைக்கு அடியில் வாசனைத் திரவியம் தடவினார்கள். 21 பேர் வாசித்தார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும் பழைய வயலினைக் கேட்டவர்கள் எட்டே பேர். பெரும்பாலோருக்குப் பிடிக்காமல் கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி! ஹோட்டல் அறையில் வாசித்தால் அப்படித்தான் என்று கோபித்துக்கொண்டவர்களுக்காக, 2012-ல் பாரிஸ் அருகே பத்து தனிக்கச்சேரிக் கலைஞர்களை வைத்து, அரங்கிலும் சேர்த்து மீண்டும் சோதித்தார்கள். பத்தில் ஆறு பேர் புது வயலினைத் தேர்ந்தார்கள்.

ஊது வாத்தியத்தில் கதை இன்னும் கறார். ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, கறுத்த வைரமரம் என மூன்று பொருளில், உள்ளளவு அச்சாக ஒன்றாக இருக்கும்படி மூன்று புல்லாங்குழல்கள் செய்தார். எடையும் தொடுகையும் தெரியாதபடி ஒரு தண்டில் பொருத்தி வாசிக்கச் சொன்னார். எது எது என்று கேட்டவர்களாலும் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. 1971-ல் வெளியான ஆய்வு இது. காரணம் எளிது: குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. சுவர் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதை நாதஸ்வரக்காரரிடம் சொன்னால் சிரிப்பார், அல்லது முறைப்பார். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆச்சா மரத்தில்தான் நாதஸ்வரம் கடைகிறார்கள். அதுவும் புது மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்திரமுமாக நெடுங்காலம் நின்று காய்ந்த மரத்தைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள். 2022-ல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோல்ட்மன் சொல்வது சரியென்றால் இவர்கள் செய்வது வெறும் நம்பிக்கையா? இல்லை. சுவர் அதிராவிட்டாலும், உள்துளையின் கூம்பு அளவு பிசகக் கூடாது. மூச்சின் ஈரம் பட்டுப் பட்டு மரம் வீங்கினாலோ, வெடித்தாலோ, உள்ளே சொரசொரப்பு ஏறினாலோ சுரம் கெட்டுவிடும். ஐம்பது, நூறு வருடம் காய்ந்த மரம் இனி புதிதாக வளையப் போவதில்லை. மரம் நாதத்தைத் தருவதில்லை. நாதத்துக்கான அளவைக் காப்பாற்றித் தருகிறது. ஆசாரியின் அனுபவமும் ஆய்வகத்தின் முடிவும் இங்கே சண்டை போடவில்லை என்பது நல்ல விஷயம்.

சரி, நாதம் எங்கிருந்துதான் வருகிறது? நாதஸ்வரத்தின் மேல்நுனியைப் பாருங்கள். காவிரிக்கரை நாணல் தட்டையை வேகவைத்து, தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்த சீவாளி. ஒரு கட்டை விரல் அளவுகூட இராது. வாத்தியத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் உபரிச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஊறவிட்டு, நுனியை விரலால் அமுக்கி, ஊசியால் வாயைத் திறந்து, ஒருமுறை கீச்சிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுப்பார் வித்வான். மேளம் தொடங்குமுன் நடக்கும் இந்த வேலையைச் சபையில் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வாத்தியம் அங்கேதான் செய்து முடிக்கப்படுகிறது. வாசிக்கும் துளைகள் ஏழுதான். கீழே இருக்கும் மற்றத் துளைகள் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிசெய்ய. ஒரே விரலிடத்தில் உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றியே சுரத்தை ஏற்றி இறக்குகிறார் வித்வான். தோடியின் காந்தாரம் துளையில் இல்லை, உதட்டில் இருக்கிறது.

1960-ல் மாநில எல்லை மாறியபோது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன பகுதி சத்தியவேடு. இங்கே கோயில் வாசலில் நாதஸ்வரம், தவில் என்று சொல்பவரும் சன்னாயி, டோலு என்று சொல்பவரும் ஒரே மேளத்தைத்தான் கேட்கிறார்கள். திருப்பதியில் தேவஸ்தானம் இவ்விரண்டுக்குமென்றே ஒரு பள்ளி நடத்துகிறது. பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் பிறந்த நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1998-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். உதட்டுக்கு எந்த மாநில எல்லை?

வாத்தியம் மட்டும் மனிதரை வளைப்பதில்லை. மனிதரும் வாத்தியத்தை வளைக்கிறார்கள். பழைய திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்யமம் திருத்தமாக நிற்காது. வித்வான் உதட்டால் போராடிப் பிடிக்க வேண்டும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை அந்தப் போராட்டத்தோடு சமாதானமாகவில்லை. அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-ல் நீளமான பாரி நாதஸ்வரத்தில் அந்தக் குறையைத் தீர்த்தார். இன்று மேடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் அந்த வழி வந்த வாத்தியம். மறுவருடமே பிள்ளைவாள் மறைந்துவிட்டார்.

வயலினில் நடந்தது இதற்கு நேர்மாறு. மணலி முதலியார்கள் ஆதரவில் இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்று கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். வாத்தியத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. உட்காரும் விதம்தான் மாறியது. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தின் மேல் ஊன்றினார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கை விடுபட்டது. அப்புறம் அது தந்தியின்மேல் வழுக்கி வழுக்கி கமகம் பேசத் தொடங்கியது.

வாத்தியத்தோடு வருடக்கணக்கில் கொள்ளும் உறவு உடம்பில் தழும்பாக மட்டும் பதிவதில்லை. வீணைக்காரரின் விரல்நுனியில் இருக்கும் காய்ப்பு கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது மண்டைக்குள் இருக்கிறது. 1995-ல் ஜெர்மனியின் தாமஸ் எல்பர்ட் குழு வயலின், செல்லோ, கிட்டார் வாசிக்கும் ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்தது. இடக்கை விரல்களின் தொடுகையை உணரும் மூளைப் பகுதி, வாத்தியம் வாசிக்காதவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சுண்டுவிரலுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்கினார்களோ அவ்வளவு பெரிய மாற்றம். ஐந்து வயதுப் பிள்ளையை வாத்தியத்தோடு உட்காரவைக்கும் நம் குருமார்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

செவியும் தன் வாத்தியத்தின் பக்கம் சாய்கிறது. கிறிஸ்டோ பான்டேவும் சகாக்களும் 2001-ல் காட்டியது இது: வயலின்காரரின் மூளை வயலின் ஒலிக்கும், டிரம்பெட்காரரின் மூளை டிரம்பெட் ஒலிக்கும் கூடுதலாகத் துள்ளுகிறது. சுரம் ஒன்றேதான், ஒலிக்கும் கருவிதான் வேறு. கருவி உடம்பின் நீட்சியாவதற்கும் சான்று உண்டு. ஜப்பானில் அட்சுஷி இரிகி 1996-ல் குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியைக் கொடுத்து, எட்டாத தீனியை இழுக்கப் பழக்கினார். பழகிய பின், கையைச் சுற்றி இருக்கும் இடத்தைக் கவனிக்கும் நரம்பணுக்கள் வாரியின் நுனிவரை கவனிக்கத் தொடங்கின. குச்சியும் கையாகிவிட்டது. சில வாரப் பயிற்சியில் குரங்குக்கே இப்படி என்றால், நாற்பது வருடம் ஒரே தண்டியைத் தடவியவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யூகிப்பது கஷ்டமல்ல.

இந்த நெருக்கத்துக்கு விலையும் இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு, வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கிக்கொள்ளும் கோளாறு வருகிறது. அதே விரல் பொத்தான் போடும், எழுதும். வாத்தியத்தைத் தொட்டதும் அடம்பிடிக்கும். மூளையில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கப் பியானோ மேதை லியன் ஃபிளெய்ஷர் 1960-களின் நடுவில் இப்படி வலக்கையை இழந்து, ஏறத்தாழ முப்பது வருடம் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஷாமிசென் கலைஞர் கோக்கித் தண்டியை விட மறுப்பது புரிகிறது. அவர் உணரும் வித்தியாசம் பொய்யில்லை. விரலில், எடையில், தேய்மானத்தில் அது நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வாசிப்பவருக்கும் வாத்தியத்துக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முதல் வரிசை ரசிகரிடம்கூட அதிகம் வந்து சேர்வதில்லை. அலையிழை மினுமினுப்போ முழுக்க முழுக்கக் கண்ணுக்கான விஷயம்.

காட்டின் கணக்கில் இசையின் பங்கு சொற்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முழு ஷாமிசெனே ஒரு மீட்டர் நீளம்தான். தண்டியின் அகலம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். ஓர் அலமாரிக்குப் போகும் மரத்தில் எத்தனையோ தண்டிகள் கடைந்துவிடலாம். 1995 முதல் செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது; காட்டு மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. பிடிபட்ட கட்டைகள் திருப்பதி வட்டாரக் கிடங்குகளில் அடுக்கிக் கிடக்கின்றன, அவ்வப்போது ஏலம் போகின்றன. ஏலத்தில் அதிக விலை கேட்பவர் அறைக்கலன் வியாபாரி. அந்தக் குவியலிலிருந்து வாத்தியத்துக்குத் தகுந்த கட்டைகளைத் தனியே பிரித்து, வாத்திய ஆசாரிகளுக்கு மட்டும், கணக்கு வைத்து, நியாய விலைக்குக் கொடுக்க ஆந்திர வனத்துறையும் மத்திய அரசும் ஏற்பாடு செய்யலாம். அதற்குப் புதிதாக ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை.